கடல் இல்லாத நாட்டுக் கப்டன்

அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றில் ஒரு பயணிகள் படகு சரிந்து கிடக்கிறது. பட்டுச் சேலை கட்டிய பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சாய்ந்து நிற்கிறார்கள். ஓர் அம்மா கேக் வெட்டப் போகிறார். கேக் தட்டோடு வழுக்கிப் போகிறது. நாலைந்து பேர் பாய்ந்து பிடிக்கிறார்கள். போன மாதம், இப்போது படகுகளில் வேலை செய்கிற உங்களைப் பார்க்கப் படகுத்துறைக்கு வந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஈஸ்ட் ஹாம் பிள்ளை அதைப் போனில் போட்டுக் காட்டியது.

"அங்கிள், அந்த ஆரெஞ்ச் ஜக்கெற்றோட நிக்கிறது நீங்களோ?"

"ஓம், நான்தான்."

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரிக்கக்கூடிய காட்சிதான் அது. ஆனால் அந்த வீடியோ தொடங்குவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று ஒருவரும் படம் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் யாருடைய கையிலும் போன் இருக்கவில்லை, பிள்ளைகள்தான் இருந்தார்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் எங்கட தமிழ்ப் பிள்ளைகள் என்பதால் தமிழில் எழுதுகிறேன். வாசிக்கக் கஷ்டமென்றால் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிடுங்கள்.

அந்தப் படகை ஓட்டியவரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்கு அது பிடிக்காது. கப்டன் என்றே சொல்கிறேன்.

அவர் முதன்முதலில் எங்களிடம் வந்தது கப்டனாக அல்ல, கயிறு பிடிக்கிற டெக்ஹாண்டாக. மெலிந்த, உயரமான பெண். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார். எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஆஸ்திரியாவில். படகு அதிகாரியாக இருந்தேன்" என்றார். தேநீர் அறையில் இருந்தவர்களுக்கு அன்று முழுவதும் அது போதுமாக இருந்தது. ஆஸ்திரியாவுக்கு ஏது கடல்? நாலு பக்கமும் மலையும் அயல்நாடும். "அடுத்ததாகச் சகாராவிலிருந்து ஒரு மீனவர் வருவார்" என்று எஞ்சின்காரர் சொன்னார். அந்தப் பெண் கோபப்படவில்லை.

"ஒரு காலத்தில் எங்களுக்குக் கடலும் இருந்தது, கடற்படையும் இருந்தது. ஒரு பெரிய போரில் தோற்றோம், கடற்கரை மற்றவர்களுக்குப் போய்விட்டது. ஓர் ஆறு மட்டும் மிஞ்சியது. அதில் காவல் படகு ஓடியது. அதில் நான் இருந்தேன்" என்றார். அவர் பேசுவது அப்படித்தான். ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்கள், ஒவ்வொன்றையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குவார்.

மெல்ல மெல்ல மீதிக் கதை தெரிய வந்தது. அவரது நாட்டில் பெண்களை இராணுவத்தில் சேர்க்கத் தொடங்கிய புதிதில் சேர்ந்தவர். எல்லோரும் ஏன் இந்தப் பிரிவு என்று கேட்கக் கேட்க, டன்யூப் ஆற்றுப் படகுப் பிரிவைக் கேட்டு வாங்கியவர். பனிக்கட்டி மிதக்கும் குளிர்காலத்திலும் வெள்ளம் மரங்களை வேரோடு கொண்டுவரும் காலத்திலும் அந்த ஆற்றில் படகு ஓட்டினார். அதிகாரியானார். ஒரு படகு அவர் பொறுப்பில் வந்தது. வந்து அதிக காலம் போகவில்லை, இனிமேல் நாட்டுக்குப் படகுகளே தேவையில்லை என்று அரசாங்கம் முடிவெடுத்துவிட்டது. படகை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு அலுவலகத்தில் ஒரு மேசை தருவதாகச் சொன்னார்கள்.

"என் படகின் சுக்கானை இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிடித்துப் படம் எடுக்கிறார்கள்" என்றார் ஒருநாள், சாண்ட்விச்சைச் சாப்பிட்டுக்கொண்டே. "அது நல்லதுதான். ஆனால் மேசை எனக்குச் சரிவராது."

"அதுக்கு ஏன் லண்டனுக்கு வந்தீர்கள்? கடலுக்குப் போயிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"எங்கள் ஆறு ஒரு பக்கம்தான் ஓடும். உங்கள் ஆறு இரண்டு பக்கமும் ஓடுகிறது. இப்படி ஓர் ஆற்றை நான் பார்த்ததில்லை."

நான் மன்னாரில் கடலுக்கு அருகே பிறந்து, அகதியாக இங்கே வந்து, வேறு வேலை கிடைக்காததால் ஆற்றுக்கு வந்தவன். கடலோடு சேர்ந்து ஆற்றுத் தண்ணீரும் ஏறி இறங்குகிற பெருக்கும் வற்றும் எனக்குச் சாப்பாட்டு நேரம் மாதிரி. அதை ஓர் அதிசயம் என்று யாராவது சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் அந்த ஆற்றைப் படித்த விதத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் எல்லோரும் தண்ணீரைப் பார்த்துப் படகு ஓட்டப் பழகியவர்கள். அவர் தண்ணீர் இல்லாத நேரத்தில் வந்து அடியைப் பார்த்தார். லீவு நாளில், முழுதாக வற்றிய நேரம் பார்த்து, முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு கரையோரச் சேற்றில் நடப்பார். எங்கே கல், எங்கே மென்சேறு, எங்கே பழைய மரக்கட்டை நட்டுக்கொண்டு நிற்கிறது, எல்லாவற்றையும் காலால் மிதித்துப் பார்ப்பார். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் படகில் தேநீர்க்கடை நடத்தும் றீற்றா, பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது அவரைக் கண்டிருக்கிறாள். றீற்றா கிறிஸ்தவ வேதக்காரி, அம்மன் கோயிலுக்குப் போனது சிநேகிதியின் பிள்ளைக்கு நேர்த்தி வைத்ததற்காக.

"அண்ணை, உங்கட ஆஸ்திரியாக்காரி சேத்துக்க நிண்டு என்னவோ தேடுறா. மோதிரம் கீதிரம் துலைச்சிட்டாவோ?"

"இல்லை. பாடம் படிக்கிறா."

"இந்தக் குளிருக்கையோ?"

பரீட்சைகள் எல்லாம் மறுபடி எழுதித்தான் அவர் இங்கே கப்டன் ஆனார். வெளிநாட்டு இராணுவத்தில் இருந்த பதவிக்கு இங்கே மதிப்பில்லை. அதைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கப்டன் ஆனதும் என்னைத் தன் படகில் தனக்கு அடுத்த ஆளாக, மேற்றாகப் போடும்படி அலுவலகத்தைக் கேட்டார். எனக்கு அவரைவிடப் பதினைந்து வயதாவது கூட. எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. அவருக்குக் கீழே வேலை செய்வது எளிதாக இருந்தது. எது வேண்டும் என்பதை ஒரு தடவை சொல்வார். அதற்குப் பிறகு நம்பிவிடுவார்.

பெரிய சம்பவத்துக்கு முன் சின்னதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் அவரை நீங்கள் தப்பாக விளங்கிக்கொள்வீர்கள்.

ஒரு கோடைக் காலை. வெஸ்ட்மின்ஸ்டர் துறையில் படகு நிறையச் சுற்றுலாப் பயணிகள். புறப்படுவதற்காக நான் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். அவர் மேலிருந்து, "கட்டுங்கள். போகவில்லை" என்றார். என்ன என்று கேட்டேன். "சுக்கான் கையில் வித்தியாசமாக இருக்கிறது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை." அவ்வளவுதான். அத்தனை பேரையும் இறக்கினோம். எஞ்சின்காரர் வந்து சுக்கான் தண்டு முதல் கடைசி ஆணி வரை பார்த்தார். ஒன்றுமில்லை. வெயிலில் வரிசையில் நின்ற பயணிகள் எங்களைத் திட்டினார்கள். அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "ஒன்றுமில்லையாமே?"

"ஓம், ஒன்றுமில்லை. இன்றைக்கு நான் பிழை" என்றார் கப்டன். "நாளைக்கும் கையில் அப்படித் தெரிந்தால் இதையேதான் செய்வேன்."

ஒன்றுமில்லாத ஒன்றுக்காகப் படகை நிறுத்தியவர் பிறகு கொஞ்ச நாளைக்காவது தலை குனிவார் என்று நினைத்தேன். குனியவில்லை, வீம்பும் காட்டவில்லை. மத்தியானம் அதே படகை அதே துறையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். பிழைவிட்டதைப் பிழை என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவரை நான் அதுவரை எந்தப் படகிலும் கண்டதில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

ஈஸ்ட் ஹாமில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் படகை வாடகைக்கு எடுத்திருந்தது. அம்மாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். அவர் முன்பு யாழ்ப்பாணத்தில் ரீச்சராக இருந்தவர். வந்தவர்கள் எல்லோரும் அவரை ரீச்சர் என்றே கூப்பிட்டார்கள். ஏற்பாடு செய்தது மூத்த மகன், கோட்டு சூட்டோடு வந்த, எல்லாவற்றையும் தானே ஓடியாடிப் பார்க்கிற மனிதர். கிரீனிச்சில் ஏறினார்கள். மேளம், பாட்டு, பலூன், நிறையச் சின்னப் பிள்ளைகள். வெஸ்ட்மின்ஸ்டர் வரை போய், பாராளுமன்றத்துக்கு முன்னால் படம் எடுத்து, பின்னேரம் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆறு கடலை நோக்கி வற்றிக்கொண்டிருந்தது. பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் அவை, நீரோட்டம் பலமாக இருந்தது. டவர் பிரிட்ஜைத் தாண்டியதும் கேக்கை மேல்தளத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அப்போது படகு நடுங்கியது. பெரிய சத்தமொன்றும் இல்லை, ஏதோ தொண்டையில் அடைத்தது மாதிரி ஒரு முனகல். ஓர் எஞ்சின் நின்றது. மூச்சு விட்டு முடிக்கவில்லை, மற்றதும் நின்றது. யாரோ ஆற்றில் விட்ட பெரிய தார்ப்பாயும் கயிறும் அடியில் படகைத் தள்ளும் இரண்டு விசிறிகளையும் சேர்த்துச் சுற்றிவிட்டன என்பது பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் காலடியில் இருந்த அதிர்வு போய்விட்டது என்பதுதான். மேளக்காரர் மட்டும் தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தார்.

றீற்றா தேநீர்க்கடையிலிருந்து தலையை நீட்டினாள். "அண்ணை, என்ன எஞ்சின் சத்தத்தைக் காணேல்லை?"

"உயிர்காப்பு அங்கியளை எடு. பிள்ளையளுக்கு முதல்ல போடு."

அவள் அங்கிகளை அள்ளிக்கொண்டு பிள்ளைகளிடம் ஓடினாள்.

கப்டன் ஏற்கெனவே சுக்கானை முழுதாகத் திருப்பியிருந்தார். படகுக்கு இன்னும் கொஞ்ச வேகம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு, படகின் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிவிட்டார். அது வரைக்கும் நல்லது. ஆனால் இப்போது நாங்கள் பின்பக்கமாக ஆற்றோடு போய்க்கொண்டிருந்தோம். பின்னால், ஆற்றின் நடுவே, சரக்கு ஏற்றாத பாரப் படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டு நின்றன.

அந்தப் பாரப் படகுகளை நீங்கள் தினமும் கடந்து போகிறீர்கள். அவற்றின் முகம் கீழ்நோக்கி உள்வாங்கிச் சரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இயங்க முடியாத ஒரு படகு அந்தச் சரிவில் மோதினால் நீரோட்டம் அதை அங்கே நிற்க விடாது. அழுத்திப் பிடித்து, சரித்து, அடியில் இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்குள் போனவர் யாரும் மற்றப் பக்கம் வருவதில்லை. இந்த ஆற்றில் வேலை செய்கிற எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். எங்கள் பின்னால் அந்த இரும்பு முகங்கள் மெதுவாகப் பெரிதாகிக்கொண்டு வந்தன.

நான் முன்தளத்துக்கு ஓடி நங்கூரத்தின் பூட்டை எடுத்தேன். சங்கிலியைப் பிடித்திருக்கும் பிரேக்கில் கையை வைத்துக்கொண்டு, சுக்கான் அறையைத் திரும்பிப் பார்த்தேன். விடு என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் அவர் வலது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

"இன்னும் இல்லை."

அந்த நேரத்தில்தான் ரீச்சரின் மகன் முன்தளத்துக்கு வந்தார். கோட்டைக் கழற்றி எங்கேயோ எறிந்திருந்தார். பாரப் படகுகளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"அண்ணை, நங்கூரத்தைப் போடுங்கோ!"

"பொறுங்கோ தம்பி. கப்டன் சொல்லட்டும்."

"என்னத்தைச் சொல்லுறது? உது தெரியேல்லையே உங்களுக்கு? போடுங்கோ!"

"இன்னும் இல்லை" என்றது ஒலிபெருக்கி.

மகன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணை, என்ர ரெண்டு பிள்ளையளும் மேல நிக்கினம். அம்மா நிக்கிறா. உங்கட பிள்ளையள் எண்டால் இப்பிடிப் பாத்துக்கொண்டு நிப்பியளோ? அவ வெள்ளைக்காரி, அவவுக்கு என்ன? நீங்கள் எங்கட ஆள். போடுங்கோ அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன்."

அவர் உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட்டார்.

பிள்ளைகளே, ஆபத்து எந்த உருவத்தில் வரும் என்று நீங்கள் நினைத்து வைத்திருக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. எனக்கு அது என்னுடைய பாஷையில் பேசிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது எல்லாம் நியாயம். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் எஞ்சின் போனால் நங்கூரத்தைப் போடு என்றுதான் இருக்கும். என் கையும் அதைத்தான் சொன்னது. பிரேக்கைத் தளர்த்த ஒரு கணம் போதும்.

நான் மறுபடியும் திரும்பிப் பார்த்தேன். கப்டன் என்னைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அவசரமே இல்லை. சந்தியில் பச்சை விளக்குக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். நான் மகனை ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையைப் பிரேக்கில் வைத்திருந்தேன்.

முதல் பாரப் படகின் துரு எனக்குத் தெரிந்தது. அதன் முகத்தில் நுரை அடித்து மடங்கி உள்ளே போவது தெரிந்தது. மேல்தளத்தில் ஒரு பெண் மாதாவைக் கூப்பிட்டாள், இன்னொருத்தி முருகனைக் கூப்பிட்டாள்.

"இப்போது. விடுங்கள்."

விட்டேன். சங்கிலி கடகடவென்று ஓடியது. முழுச் சங்கிலியும் போய், நங்கூரம் அடியைக் கவ்வி, படகு நிற்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

"நிறுத்துங்கள்! இனி வேண்டாம். பிடித்துக்கொள்ளுங்கள்."

அரைவாசிகூடப் போகவில்லை. பிரேக்கை இறுக்கினேன். நங்கூரம் அடியைத் தொட்டது, ஆனால் கவ்வவில்லை. உழுதுகொண்டே வந்தது. என் காலுக்குள்ளால் அந்த உழவு தெரிந்தது. படகு நிற்கவில்லை, வேகம் மட்டும் குறைந்தது. ஆறு எங்களைவிட வேகமாக எங்களைக் கடந்து போகத் தொடங்கியது. அப்போது அவர் சுக்கானைத் திருப்பினார்.

எஞ்சின் இல்லாத படகு பக்கவாட்டில் நடந்தது.

இதை எப்படிச் சொன்னாலும் குறைவாகத்தான் இருக்கும். விசிறி சுழலவில்லை, பாய் இல்லை, துடுப்பு இல்லை. அடியைத் தேய்த்துக்கொண்டு வரும் ஓர் இரும்பும், கடந்து போகும் தண்ணீரும், அந்தத் தண்ணீரில் சாய்த்துப் பிடித்த ஒரு சுக்கானும் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு, நூறு பேருக்கு மேல் ஏறிய படகை அவர் ஆற்றுக்குக் குறுக்கே வாப்பிங் கரையை நோக்கி நகர்த்தினார். பாரப் படகின் மூலை எங்கள் பின்பக்கத்தைத் தாண்டிப் போனது. கையை நீட்டியிருந்தால் அந்தத் துருவைத் தொட்டிருக்கலாம். யாரும் கத்தவில்லை. மேளமும் எப்போது நின்றது என்று தெரியவில்லை. என் வாழ்நாள் முழுவதும் தண்ணீருக்கு அருகில் இருந்திருக்கிறேன். தண்ணீர் ஒருவருக்குக் கீழ்ப்படிவதை அன்றுதான் கண்டேன்.

படகு கரையில் ஏறியது ஒரு முட்டலாகக்கூட இருக்கவில்லை. மென்மையாக, பெருமூச்சு விடுவது போல ஏறி நின்றது. கல்லும் மரக்கட்டையும் நிறைந்த அந்தக் கரையில், மெத்தை மாதிரிச் சேறு இருக்கும் ஒரேயொரு துண்டில் அவர் அதைக் கொண்டுவந்து வைத்திருந்தார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் காலால் மிதித்துப் பார்த்த இடம் அது.

தண்ணீர் வற்ற வற்றப் படகு ஒரு பக்கம் சரிந்தது. உயிர்காப்புப் படகு வரும் வரை அப்படியே இருக்க வேண்டியதுதான். பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். அப்போது ரீச்சர் கதிரையிலிருந்து எழும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் எல்லாரும் செத்த வீடு மாதிரி நிக்கிறியள்? இண்டைக்குத்தான் என்ர பிறந்தநாள். கேக்கைக் கொண்டாங்கோ."

வீடியோ அங்கேதான் தொடங்குகிறது.

கப்டன் இறங்கி வந்து ஒவ்வொருவரிடமும் போய், காயம் ஏதும் உண்டா என்று கேட்டார். ரீச்சர் அவர் கையில் ஒரு துண்டு கேக்கைத் திணித்தார். அவர் அதை இறுக்கிப் பிடித்தார். கேக் துகள் துகளாகக் கீழே கொட்டியது.

"அப்படி எங்கே பழகினீர்கள்?" என்று நான் கேட்டேன்.

"டன்யூப்பில். என் முதல் கப்டன் நடு ஆற்றில் எஞ்சினை நிறுத்திவிடுவார். சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 'சரி, இப்போது எங்களை வீட்டுக்குக் கொண்டுபோ' என்பார். நாங்கள் அவரை வெறுத்தோம்." வாயைத் துடைத்துக்கொண்டார். "முன்னாடியே விட்டிருந்தால் நங்கூரம் எங்களை அந்தப் படகுகளுக்கு நேர் முன்னால் வைத்திருக்கும். ஓட்டம் கரைப் பக்கம் வளைகிற இடம் இன்னும் கொஞ்சம் கீழே இருந்தது. அங்கே வரும்வரை எனக்கு ஒரு வழியும் இல்லை."

நல்ல முடிவு என்று உடனே எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். ரீச்சரின் மகன் முறைப்பாடு கொடுத்தார். நங்கூரத்தை வேண்டுமென்றே தாமதமாகப் போட்டார்கள் என்று. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது அப்படித்தான் தெரிந்தது. விசாரணை முடியும் வரை கப்டனைக் கரையில் இருத்தினார்கள். அவர் தினமும் துறைக்கு வந்து பயணிகளுக்கு வழி காட்டினார், கதவு திறந்துவிட்டார். ஒரு கோடை முழுவதும் அப்படிப் போனது.

அலுவலகத்தில் ஒருவர் அவருக்கு நல்லது செய்ய நினைத்து ஒரு யோசனை சொன்னார். நங்கூரத்தின் பூட்டு கொஞ்சம் இறுகியிருந்தது, அதனால் தாமதமாயிற்று என்று சொன்னால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும், யாருக்கும் நட்டமில்லை. நான் பக்கத்தில் நின்றேன். எனக்குக்கூட அது நல்ல வழியாகத்தான் பட்டது.

"பூட்டு இறுகவில்லை" என்றார் கப்டன். "நான்தான் காத்திருந்தேன். பூட்டு என்று சொன்னால், அடுத்த தடவை ஒருவர் காத்திருக்க வேண்டி வரும்போது, காத்திருக்கலாம் என்று அவருக்குத் தெரியாமல் போய்விடும்."

விசாரணையில் என்னை ஒருநாள் கேட்டார்கள், அவரை இன்னொரு நாள் கேட்டார்கள். தார்ப்பாயும் கயிறும் காரணம், கப்டன் செய்தது சரி என்று முடிவு வந்தது. அவர் மறுபடி படகேறினார். அதன் பிறகும் எத்தனையோ நாள் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். அந்தப் பின்னேரத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. பேசினால் எதையாவது குறைத்துவிடுவோமோ என்று எனக்கு ஒரு பயம்.

பிறகு அவர் எங்களை விட்டுப் போனார். கடலிலிருந்து வரும் பெரிய கப்பல்களை ஆற்றுக்குள் வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட் ஆவதற்கு மறுபடியும் படித்தார், மறுபடியும் பரீட்சை எழுதினார். கடல் இல்லாத நாட்டில் பிறந்தவருக்காக இப்போது கடல் கப்பல்கள் ஆற்றின் வாயிலில் காத்து நிற்கின்றன. மாடிக்கட்டடம் மாதிரி நிற்கும் கப்பலின் பக்கத்தில், கயிற்று ஏணியில் அவர் ஏறிப் போவதை ஒரு தடவை நேரில் பார்த்தேன். நான் தொப்பியைக் கழற்றினேன். அவருக்கு அது தெரிந்திருக்காது.

நான் ஓய்வு பெற்ற அன்று துறையில் சின்னதாக ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். றீற்றா மட்டன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். பின்னேரம் அவரும் வந்தார், பைலட் ஜக்கெற்றோடு. மூன்று பேரும் கம்பியில் சாய்ந்து நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இனி எப்போது கேட்கப் போகிறேன் என்று நினைத்து, அன்றுதான் கேட்டேன்.

"விசாரணையில் உங்களிடம் என்ன கேட்டார்கள்?"

"அத்தனை நேரம் காத்திருக்க உங்களுக்கு எங்கிருந்து துணிவு வந்தது என்று."

"என்ன சொன்னீர்கள்?"

"துணிவு இருக்கவில்லை என்றேன். தண்ணீரைப் பார்த்தேன், பிறகு உங்கள் முதுகைப் பார்த்தேன். அந்த மனிதர் உங்களைப் பிடித்து உலுக்குகிறார், உங்கள் கை அசையவில்லை. இவர் விட மாட்டார், அதனால் எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். உங்கள் கை அசைந்திருந்தால் நானும் பயந்து, முன்னாடியே விடு என்று சொல்லியிருப்பேன். அப்படித்தான் அவர்களிடம் சொன்னேன்."

கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தேன்.

"நான் விடாமல் நின்றது நீங்கள் அசையாமல் நின்றதால்" என்றேன். "உங்கள் முகத்தில் பயமே இல்லை. அதைப் பார்த்துத்தான் நின்றேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, நம்ப முடியாதவர் போல மெதுவாகத் தலையை ஆட்டினார்.

றீற்றாவுக்கு நாங்கள் ஆங்கிலத்தில் பேசியது முழுதும் விளங்கியிருந்தது. அவள் தமிழில்தான் கேட்டாள்.

"அப்ப ரெண்டு பேரும் ஆளை ஆள் பாத்துக்கொண்டோ அண்ணை நிண்டனியள்?"

"ஓம்."

"மாதாவே," என்றாள் றீற்றா, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு. "நான் உங்கள் ரெண்டு பேரையும் பாத்துத்தானே பிள்ளையளுக்குப் பயப்பிடாதேங்கோ எண்டு சொன்னனான்."

அவள் என்ன சொன்னாள் என்று கப்டன் கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் றீற்றாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். கீழே வற்று முடிந்து, தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் நின்றுகொண்டிருந்தது.